அம்மம்மா ஊருக்குத் திரும்பியபோது: மண்டபம் பக்கம் மூன்று தலைமுறை, ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். உள்ளூர் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இலங்கைத் தமிழர் முகாமில் இருந்து வரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பார்கள். 2023 ஜூனில் இருந்து ஓராண்டுக்கும் மேலாக ஒரு பையனையும் அவன் குடும்பத்தையும் ஒட்டி நடந்தவற்றை இங்கே பதிகிறேன். குடும்பம் இதைப் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே வெளியிடுகிறோம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்தது மாறவில்லை. இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு, முக்கியமாக ஆசிரியர்களுக்கு, இது உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

மண்டபம் முகாம் என்றால் இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த இடம் அதற்கு ரொம்ப முந்தியது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஆட்களுக்கு நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் தங்க வைத்துக் கப்பலேற்ற வெள்ளைக்காரர் காலத்தில் உண்டான முகாம் அது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னால் அதே தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எதிர்த்திசையில் திரும்பினார்கள். 1983ல், 1990ல், 1996ல், 2006ல் என்று போர் கூடின போதெல்லாம் இலங்கையின் வடக்கிலிருந்து படகுகள் வந்தன. கடைசியாக 2022ல், அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் போன பொருளாதார நெருக்கடியில், குடும்பம் குடும்பமாகத் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கினார்கள். 2021ல் அரசு இந்த முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இங்கே இன்னும் எல்லோருக்கும் அது 'கேம்ப்'தான்.

நம் பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. அம்மம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும், மன்னார் தீவில் ஒரு மீன்பிடி ஊர். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் ஐந்து வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படகேறியவர். அந்த மகள்தான் பையனின் அம்மா. அவர் கேம்பிலேயே வளர்ந்து பத்தாவது வரை படித்து, கேம்பிலேயே கல்யாணமும் ஆனவர். அப்பாவும் சின்ன வயதில் படகில் வந்தவர்தான், பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போவார், கேம்பில் கணக்கெடுக்கும் நாளுக்குத் திரும்பி வந்து நிற்பார். பையனுக்கு ஒரு தங்கை. அம்மப்பா சில வருடங்களுக்கு முன்பு இங்கேயே இறந்துவிட்டார்.

பையன் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தவன், பிறப்புச் சான்றிதழ் இந்தியாவுடையது. அதனால் அவன் இந்தியன் என்றுதான் எங்கள் மாலை வகுப்பில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். சட்டம் அப்படி இல்லை. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பு ஒன்றே போதும். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இன்னும் இறுகிவிட்டது: இன்னொருவர் சட்டத்தின் கண்ணில் அனுமதியின்றி வந்தவராகவும் இருக்கக் கூடாது. இலங்கைக் குடியுரிமையோ, அங்கத்தியப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை என்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால்தான் கிடைக்கும். இந்த வீட்டில் பதியவில்லை. ஆக அம்மம்மா கையில் அந்த நாட்டு அடையாள அட்டை இருந்தது, அம்மாவிடம் மன்னாரில் எடுத்த பிறப்புப் பத்திரத்தின் நகல் இருந்தது, பையனிடம் எந்த நாடும் இல்லை. இது அவனுக்கே அப்போது தெரியாது.

கவனித்தவை

கலகலப்பான பிள்ளை. 2023 ஜூலை வாக்கில் மாறினான். 'எங்கள் ஊர்' என்று கட்டுரை கொடுத்தபோது தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்தான். சனிக்கிழமைகளில் வருவது நின்றது. வீட்டில், தங்கையோடு படுக்கிறவன் அம்மம்மாவின் பாயோரம் போய்ப் படுக்க ஆரம்பித்தான் என்று அம்மா பிறகு சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் சண்டை. 2022ல் வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அதே வகுப்பில் படிக்கிறான். அவனை நம் பையன் முதுகில் குத்தி, எல்லோர் முன்னாலும் "போடா அகதி" என்றான். கேம்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வெளியில் தன்னைப் பார்த்து யாரோ சொன்ன சொல்லை எடுத்து, தனக்குப் பின்னால் வந்தவன் மேல் வீசினான். நான் அன்றைக்கு ரொம்பக் கலங்கிப் போனேன். உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள், அடிபட்டவன் அழவே இல்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்களுக்குள்ளேயே இதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பார்த்தோம். இது ஒழுங்குப் பிரச்சினை, கூப்பிட்டுக் கண்டித்து மன்னிப்புக் கேட்க வைத்தால் முடிந்தது என்றார் ஒருவர். பள்ளியில் இவனை யாரோ கேலி செய்கிறார்கள், அதன் எதிரொலிதான் இது என்றார் இன்னொருவர். இரண்டுமே இருக்கலாம் என்று எனக்குப் பட்டது, ஆனாலும் அந்த வெற்று நோட்டுக்கு இரண்டும் பதில் சொல்லவில்லை. பையனிடம் கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பதோடு சரி.

காரணம் தெரிய வந்தது

அம்மம்மா தானாகவே வந்தார். பேரன் அடித்ததற்கு வருத்தம் சொல்ல வந்தவர், பேச்சோடு பேச்சாக வேறொன்றைச் சொன்னார். மன்னாரில் அவர் பெயரில் ஒரு காணி இருக்கிறது, அண்ணன் மகன் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான், நேரில் வந்து நிற்காவிட்டால் கைவிட்டுப் போய்விடும் என்று. "காணிக்கு உரித்தான ஆள் வரேல்லையெண்டா ஆராவது எழுதிப் போடுவினம் பிள்ளை. நான் போகத்தான் வேணும். மகள் வரமாட்டன் எண்டுறா. பேரனைக் கூட்டிக்கொண்டு போவமோ எண்டு யோசிக்கிறன்."

இந்தப் பேச்சு வீட்டில் பல வாரமாக ராத்திரியில் நடந்திருக்கிறது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துத்தான். ஒற்றை அறையும் ஒரு தடுப்பும் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளை தூங்கும்? பையன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான், யாரிடமும் கேட்கவில்லை. தான் போக வேண்டுமா, அம்மம்மா மட்டும் போவாரா, போனால் வருவாரா என்று எதுவும் தெரியாமல் கிடந்திருக்கிறான். அந்த நேரத்தில் அந்தப் புதுப்பையன் சாதாரணமாக, "அங்க ஒண்டுமில்லை, அதாலதானே நாங்கள் வந்தனாங்கள், உங்கட அம்மம்மாக்கு என்ன விசரோ" என்று, பைத்தியமா என்கிற அர்த்தத்தில், கேட்டிருக்கிறான். குத்து விழுந்தது அதற்குத்தான். சின்ன வயதில் இருந்து அம்மம்மா வாயால் கேட்டு அவன் மனசில் கட்டி வைத்திருந்த ஊரை இன்னொருவன், அதுவும் அங்கிருந்தே வந்தவன், ஒன்றுமில்லை என்று சொன்னால் எப்படித் தாங்குவான்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மம்மா ஓயாமல் பேசுவார், அம்மா வாயே திறக்க மாட்டார். படகில் வந்த ராத்திரியைப் பற்றி, முகாமில் வளர்ந்ததைப் பற்றி, ஏன் திரும்பிப் போக மாட்டேன் என்கிறார் என்பதைப் பற்றி பிள்ளைகளிடம் அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அதனால் பையனுக்குத் தெரிந்தது ஒரே கதை, பாட்டியின் கதை. இப்படிப்பட்ட வீடுகளில் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே உள்ள தலைமுறைதான் அதிகம் சுமக்கிறது, அதிகம் மறைக்கிறது என்பது என் எண்ணம். இந்த நிகழ்வில் நான் கற்றதில் பெரியது அதுதான்.

எடுத்த முடிவுகளும் ஏன் என்பதும்

இரண்டு பையன்களையும் நிறுத்தி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை. அப்படிச் செய்தால் அந்தச் சொல் இன்னொரு முறை சபையில் ஒலிக்கும், அவ்வளவுதான். தனித்தனியாகப் பேசினோம்.

அம்மம்மாவைப் போக வேண்டாம் என்றோ போங்கள் என்றோ நாங்கள் சொல்லப் போவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். அது அவருடைய மண், அவருடைய முடிவு. கேட்டது இரண்டே. என்ன முடிவானாலும் பிள்ளைகளுக்கு நேராகச் சொல்லுங்கள். புறப்படுகிற தேதி உங்கள் கையில் இருக்கும் அளவுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போகும் யோசனையில் மட்டும் நான் என் கருத்தைச் சொன்னேன்: எந்த நாட்டுத் தாளும் இல்லாத பிள்ளையை எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது, முதலில் பதிவைப் பாருங்கள், அதற்குள் அவனிடமே கேளுங்கள்.

தாள் விஷயத்துக்கு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் உதவியை நாடச் சொன்னோம். 1984ல் ஏதிலியர்களே தொடங்கிய அமைப்பு, இந்தப் பதிவு வேலையில் பழக்கம் உள்ளவர்கள். பதியும்போது பையனுக்கு ஒரு பயம் வந்தது, இலங்கை என்று எழுதிவிட்டால் இங்கே இருந்து அனுப்பிவிடுவார்களோ என்று. இதைப் பெரியவர்களே கேட்கிறார்கள். பதிவு என்பது ஒரு நாடாவது உன்னை எங்கள் பிள்ளை என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது, அதனால் நாளைக்கே யாரும் உன்னைப் பிடித்து ஏற்றி அனுப்ப மாட்டார்கள் என்று விளக்கினோம். 1987, 2004 கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கோபப்பட்டான். கோபப்படட்டும் என்று விட்டோம், கோபப்பட வேண்டிய விஷயம்தான் அது.

அடுத்தது தாத்தா பாட்டிகளை வகுப்புக்கு அழைப்பது. இந்த அம்மம்மாவை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்து "உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது பிள்ளையைக் காட்சிப்பொருளாக்கிவிடும். எல்லா வீட்டுப் பெரியவர்களையும் அழைத்தோம். காலாண்டு விடுமுறை முடிந்து, 2023 அக்டோபரில் இருந்து வாரம் ஒரு மாலை, ஒரு வீட்டுப் பெரியவர்.

பாத்தியும் பெரியவர்களும்

அதற்கு முன்பே, செப்டம்பரில், அம்மம்மா ஒன்று கேட்டார். வகுப்பு நடக்கும் இடத்துக்குப் பின்னால் மணல் கிடக்கிறதே, அதில் பனங்கொட்டை போட ஒரு பாத்தி கட்டலாமா என்று. பனம்பழம் விழும் காலம். நம் பக்கமும் பனங்கொட்டை புதைத்துப் பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கி அவித்துத் தின்பதோடு சரி. அவர்கள் ஊரில் கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சுவார்கள்.

பாத்தி கட்ட பேரனோடு அந்தப் புதுப்பையனும் வந்து நின்றான், யாரும் கூப்பிடவில்லை. அவனுடைய அப்பம்மா படகில் ஏற முடியாது என்று அங்கேயே தங்கிவிட்டவர். அவரோடு இந்த வேலையெல்லாம் செய்து பழகிய பிள்ளை அவன், கொட்டையை எப்படி அடுக்குவது என்று அவனுக்குத்தான் தெரிந்தது. அம்மம்மா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நம் பையனுக்கு அது பிடிக்கவில்லை. சில வாரம் பொறாமையில் அந்தப் பக்கமே வரவில்லை. நாங்கள் தலையிடவில்லை, அம்மம்மாவும் அவனைக் கெஞ்சிக் கூப்பிடவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே பாத்திதான், தண்ணி ஊத்தாட்டி ரெண்டு பேருக்கும் கிழங்கில்லை" என்றார், அவ்வளவுதான். பிறகு வந்தான். அவர்கள் இருவரும் இன்று வரை நெருங்கிய சிநேகிதர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சொல் மறுபடி வரவில்லை.

பெரியவர்கள் வந்த மாலைகளில் நாங்கள் எதிர்பாராதது நிறைய நடந்தது. உள்ளூர்ப் பையன் ஒருவனின் தாத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் வீட்டையும் உறவுகளையும் இழந்து இந்தப் பக்கம் ஒதுங்கிய குடும்பம். "எங்களையும் இங்க ரொம்ப வருசம் தனுஷ்கோடிக்காரன், தனுஷ்கோடிக்காரன்னுதான் சொன்னாங்க, பொண்ணு குடுக்க யோசிச்சாங்க" என்று அவர் சொன்னபோது அவருடைய சொந்தப் பேரனே நிமிர்ந்து பார்த்தான், அவனுக்கே இது புதுசு. தலைமன்னாருக்கு அந்தக் காலத்தில் போய் வந்த கதையும் சொன்னார். அவரும் அம்மம்மாவும் காற்றுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்: வாடை, கொண்டல், கச்சான் மூன்றிலும் ஒத்துப்போய், சோளகத்தில் வாக்குவாதம். பிள்ளைகள் யார் பக்கம் நிற்பது என்று இரண்டாகப் பிரிந்தார்கள், அந்தப் பிரிவில் கேம்பும் ஊரும் கலந்து கிடந்தது.

இன்னொன்று. பையனின் அம்மப்பா சங்கும் கடல் அட்டையும் (கடலடி மணலில் ஊரும் ஓர் உயிரினம்) குளித்து எடுத்தவர். இதைப் பையன் முன்பொரு தடவை பெருமையாகச் சொல்லப்போய், "அட்டையா, அது கள்ளக்கடத்தல்டா" என்று நண்பர்கள் கேலி செய்து, தாத்தாவைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தான். இந்தியாவில் 2001ல் இருந்து அட்டை பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்தக் கரையில் உரிமம் வாங்கிச் செய்கிற தொழில். இதை ஒரு மாலையில் தெளிவாகச் சொன்னதும் உள்ளூர்த் தாத்தா ஒருவர், தடை வருவதற்கு முன்னால் இங்கேயும் எல்லோரும் அட்டை எடுத்தவர்கள்தான், நானே எடுத்திருக்கிறேன் என்றார். பையனின் முகத்தில் அன்றைக்கு வந்த தெளிவை நான் பார்த்தேன்.

தொடர்ந்து நடந்தது

2024 ஜனவரியில் கிழங்கு பிடுங்கினோம். ஒடியல் காய்ந்து, கூழும் காய்ச்சினோம், உள்ளூர்ப் பிள்ளைகளில் பாதிக்குப் பிடிக்கவில்லை.

அம்மா பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு ராத்திரி, இறால் உரித்துக்கொண்டே, 1990ல் படகுக்காரன் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனதையும், விடியும் வரை அம்மம்மா தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றதையும், அதற்குப் பிறகு எந்தப் படகிலும் ஏற முடியாமல் போனதையும் பிள்ளைகளிடம் சொன்னாராம். போக மாட்டேன் என்று அம்மா அடம்பிடிக்கிறாள் என்று அதுவரை நினைத்திருந்த பையன், அடுத்த நாள் வகுப்பில் என்னிடம், "அம்மாவுக்குப் பயம்க்கா, கோபமில்ல" என்றான்.

அம்மம்மாவின் விருப்பத் திரும்புதலுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் ஏற்பாடு செய்தது. மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், தேர்வெல்லாம் முடிந்து, சென்னையில் இருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து மன்னாருக்கு பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் எதிரே கிடக்கிற கரைக்கு இத்தனை சுற்று. பையன் போகவில்லை. அவனிடம் கேட்டார்கள், "பத்தாவது முடிச்சிட்டு வாறன்" என்று சொன்னான்.

பிரிவு சுலபமாக இல்லை. தேதி தெரிந்திருந்தும், எல்லாம் பேசியிருந்தும், அவர் போன பிறகு காய்ச்சலில் விழுந்தான், ஜூனில் பள்ளி திறந்தும் பல நாள் போகவில்லை, ஒன்பதாம் வகுப்பின் முதல் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. வீட்டில் அவர் இருந்த இடம் தங்கைக்குப் படிக்கும் இடம் ஆனதில் அம்மாவோடு சண்டை. மெல்ல மெல்லத்தான் சரியானான். வாட்ஸ்அப்பில் அம்மம்மா குரல் பதிவாக அனுப்புவார், பெரும்பாலும் அன்றைய கறி என்ன, காற்று எப்படி என்பதுதான். காணியில் பாதி கிடைத்திருக்கிறது. மீதியில் போரில் வீடிழந்த இன்னொரு குடும்பம் பல வருடமாகக் குடியிருக்கிறது, அவர்களை எழுப்ப மனம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். பையன் இதை வகுப்பில் எல்லோருக்கும் சொன்னான்.

பதிவு முடிந்து சான்றிதழ் வந்துவிட்டது. இந்தியாவில் அவன் எதிர்காலம் என்ன, இங்கே படித்து முடித்து எந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதெல்லாம் அப்படியே நிற்கிறது. அதை மாலை வகுப்பால் தீர்க்க முடியாது, தீர்க்க வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். 'எங்கள் ஊர்' கட்டுரையை அவன் எழுதவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி மாற்றிச் செய்வது

தாள் விஷயத்தை ஆறாம் வகுப்பிலேயே, குடும்பத்தின் சம்மதத்தோடு, பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பதின்மூன்றில் தடுப்புக்குப் பின்னால் இருந்து ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ நல்லது. 'எங்கள் ஊர்' என்ற தலைப்பைக் கொடுப்பதில்லை, 'நான் நடந்துபோகும் வழி' என்று கொடுக்கிறோம், எல்லோராலும் எழுத முடிகிறது.

பழைய கேம்ப் பிள்ளைகளையும் 2022ல் வந்தவர்களையும் ஒரே கூட்டமாக எண்ணி ஒன்றாக உட்கார வைப்பதில்லை. ஒருவர் முப்பது வருடத்துக் கதையோடு வருகிறார், மற்றவர் நேற்று விட்டுவந்த வீட்டோடு. இருவரும் ஒத்துப்போவார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அம்மாக்களுக்கு என்று தனியாக ஒரு மாலை தொடங்கியிருக்கிறோம். யாரும் கதை சொல்ல வேண்டும் என்று இல்லை, வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்காரலாம், சில நாள் பேச்சே நடக்காது. பெரியவர் ஒருவர் ஊர் திரும்பும் வீட்டில், போன பிறகு குறைந்தது ஒரு பருவம் பிள்ளையோடு தொடர்ந்து இருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம், ஏனென்றால் பிள்ளை உடைவது புறப்பாட்டுக்கு முன்பு மட்டும் இல்லை.

இந்த வீட்டில் இப்போது தங்கையின் பதிவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஏழு வயது. அவளிடம் எப்போது, என்ன சொல்வது என்பதை அண்ணனிடமே கேட்டு முடிவெடுப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.